இரண்டு முறை கேட்ட மெட்டு

அந்த வாளை நான் காசுக்கு வாங்கவில்லை.
பதினான்கு மாதம்
பாமசி பூட்டி வந்து, சோறு ஆறிப்போக,
ஒரே குகையில் ஒரே பூதத்தை
ஐந்நூற்றுச் சொச்சம் தரம் வெட்டி
ஒருநாள் விழுந்தது.
நீலப் பிடி.
மழைக்குச் சற்று முந்தி
உள்துறைமுகத்துத் தண்ணீரில் ஒரு நிறம் வருமே,
வீசினால் அது அலகில் ஓடும்.

மார்லின்07 கேட்டான்.
ஆறு கிழமை ஒரே குழுவில் அடிபட்டவன்,
இரண்டு தரம் என்னைச் சாவிலிருந்து இழுத்தவன்.
நான் மைக் போடுவதில்லை.
பெண்குரல் என்று தெரிந்த பிறகு
பெட்டிக்குள் என்னென்ன வந்து விழும் என்று
முதல் மாதமே படித்துவிட்டேன்.
அவன் பேசுவான், நான் எழுதுவேன்.
"ப்ரோ, என்ர கவசம் ரெண்டு, உன்ர வாள் ஒண்டு.
நட்டம் எனக்குத்தான்."

ஞாயிறு காலை ஆறரை.
பரிமாற்றப் பெட்டி திறந்தது.
அவன் பக்கம் இரண்டு கவசம், பொன் விளிம்பு.
பெயரை வாசித்தேன், படியை வாசித்தேன். சரி.
"ஐயோ ப்ரோ, லைன் வெட்டுது. திருப்பிப் போடுவம்."

அந்த நேரம்தான்
பாலையூற்றில் எங்கள் ஒழுங்கைக்குள்
சூன்பாண் ஓட்டோ வந்தது.
பற்றரி இறங்கிய அதே மெட்டு,
நடுவில் ஒரு சுரம் மட்டும் வளைந்து
வெயிலில் வைத்த மெழுகுதிரிபோல.
வந்து, போனது.

பெட்டி மறுபடி திறந்தது.
"கெதியா ப்ரோ, கெதியா."
பொன் விளிம்பு தெரிந்தது.
பெயரை வாசிக்கவில்லை.
'சம்மதம்' பச்சையாக இருந்தது.
அழுத்தினேன்.

வந்தது தகரம்.
முதல் நாள் விளையாட வருகிறவனுக்கு
சும்மா கொடுக்கிற தகரம், பொன் பூசியது.

அவன் மைக்கை நிறுத்த மறந்திருந்தான்.
என் ஒழுங்கை அடங்கிக் கிடக்க
என் காதுக்குள் மறுபடியும்
அதே மெட்டு,
அதே இடத்தில் வளைந்த சுரம்.
பின்னால் ஒரு பெண்: "ஜெனோசன்! பாண்!"
பிறகு ஒன்றும் இல்லை.

விளையாட்டுக் கம்பனி பதில் போட்டது:
பரிமாற்றம் இருவர் சம்மதத்துடன் நடந்தது.
கடவுச்சொல்லை மாற்றவும்.
மாற்றினேன். இரட்டைப் பூட்டும் போட்டேன்,
திருடன் போன வீட்டுக்கு.

அடுத்த ஞாயிறு
நஸ்மிர் நானாவின் ஓட்டோவுக்குப் பின்னால் நடந்தேன்.
"என்ன தங்கச்சி, வீட்டு வாசலில வாங்கினா பாண் இனிக்காதா?"
சிரித்தேன். நிமிடம் எண்ணினேன்.
மூன்றாம் ஒழுங்கை. நீலக் கேற்.

பதினேழு வயதிருக்கும்.
ஈரத் தலை, பள்ளிக்கூடக் காற்சட்டை.
"நானா, ரெண்டு கிம்புலா, ஒரு றாத்தல் பாண்."
அந்தக் குரல்.
பாணைத் திருப்பி அடியைப் பார்த்தான்,
அமத்திப் பார்த்தான்,
மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணினான்.
"நானா, இருபது ரூபா குறையுது."
உண்மையாகவே குறைந்திருந்தது.

பிறகு என்னைப் பார்த்து ஒதுங்கினான்:
"அக்கா, நீங்க வாங்குங்கோ."

கிழமை முழுக்கச் செதுக்கி வைத்த வசனம் ஒன்று
தொண்டையில் நின்றது.
வாயைத் திறந்தால்
என் குரலும் அவனுக்குப் போய்விடும்.
அவனிடம் என் வாள்.
என்னிடம் அவன் கேற்.
விரலால் ஒரு பணிஸைக் காட்டி வாங்கிக்கொண்டு
திரும்பி நடந்தேன்.

இரவு மார்லின்07 வந்திருந்தான்,
முதுகில் என் நீலம்.
எழுதினேன்:
'கிம்புலா நல்லா இருந்ததா ப்ரோ?
மிச்சம் சரியா?'
இம்முறை இரண்டு தரம் வாசித்தேன்.
அனுப்பினேன்.
அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி
கொஞ்ச நேரம் அப்படியே நின்று
அணைந்தது.

வாள் திரும்பி வரவில்லை.

இப்போது ஞாயிறுகளில்
நீலக் கேற்றுக்கு அவன் வருவதில்லையாம்.
அம்மாதான் வருகிறா.
நஸ்மிர் நானா கொடுக்கிற மிச்சத்தைப்
பாராமலே
பொத்திக்கொண்டு உள்ளே போகிறா.