பதினெட்டு மடங்கு

எங்களுக்கு மூலம் ஒரு பொம்மை.
ரசலையனின் மச்சினன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது.
அடியில் ஒன்றுக்குப் பதினெட்டு என்று அச்சு.
வெர்னியர் வைத்து அவன் அளந்தான், நான் பெருக்கினேன்.
ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது, அதை மட்டும் மாற்றினோம்.
வலது கண்ணாடி பெட்டிக்குள்ளேயே ஒடிந்து வந்ததால்
முதல் காருக்கு ஒரே கண்ணாடி.

ஷெட் குளச்சலில், வள்ளத்துக்கு ஃபைபர் அடிக்கிற இடம்.
ததேயூஸுக்கு வள்ளக் கணக்குதான் தெரியும்:
நாலு அடுக்குப் பாய்,
மூக்கில் இன்னும் ரெண்டு.
எடை கூடும் அண்ணே என்றால்
"ரோட்டுல பாறை கெடையாதா?" என்பார்.
மார்த்தாண்டத்தில் எடைக்கு வாங்கிய எண்ணூறு சிசி எஞ்சின்
தக்கலை ஏற்றத்தில் நின்று யோசித்தது.

ரெஜிலா மோட்டார்ஸ்.
ரெஜிலா நான்தான்,
கடன் என் பெயரில் எடுத்ததால்.

இரண்டாவது குலசேகரத்து ரப்பர்காரருக்கு.
மூன்றாவதுக்கு முன்பணம் தந்தவர்
பிறகு போனே எடுக்கவில்லை.
ஒரு வருடம் அதில்தான் கோட்டாறு சந்தைக்குப் போய்வந்தேன்,
பக்கத்து சீட்டில் வெங்காய மூட்டை,
பெல்ட் போட்டு.

நாகர்கோவில் ஆர்டிஓ ஆபீசில்
இன்ஸ்பெக்டர் மூன்று சுற்றுச் சுற்றினார்.
தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தும் பார்த்தார்.
கம்பெனி பெயர் அவர் பட்டியலில் இல்லை.
சேஸ் நம்பர் பழையதுதானே என்றார்,
எழுதினார்:
மாருதி. தொண்ணூற்று நாலு. நிறம் வெள்ளை.
சிவப்பு வண்டியைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினார்.

அரசாங்கக் கணக்கில்
பதினோரு வருடத்தில் நாங்கள் ஒரு காரும் செய்யவில்லை.
என் நோட்டில் ஏழு.

ஐந்தாவது, திருப்பதிசாரத்துக்கு விற்றது,
ஐப்பசி வெள்ளத்தில் மிதந்தது.
வயலைக் கடந்து ஒரு வாழைத்தோட்டத்தில் போய் ஒதுங்கியதாம்.
பணத்தைத் திருப்பிக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று
ரசலையன் போனை என்னிடம் தள்ளினான்.
"ஹாரன் இப்பவும் அடிக்குது கேட்டியளா" என்றார் அவர்,
அடித்தும் காட்டினார்.
"பின்னே?" என்றார் ததேயூஸ்,
கையில் பிசினோடு.

பிசின் விலை ஏறியது.
ஆறாவதின் அச்சு ஆரல்வாய்மொழிக் காற்றில் முறிந்ததாக
வாங்கியவர் சொன்னார்.
காற்றுக்கு அச்சு முறியாது.
பாதி பணம் கொடுத்தோம்.
ரசலையன் இப்போது தோவாளையில் டயர் கடை.
அச்சுவார்ப்பை ததேயூஸ் எடுத்துக்கொண்டார்,
குப்புறப் போட்டு அதன்மேல் வலை காயப்போடுகிறார்.

ஏழாவது விற்கவில்லை.
போன மாதம் நோட்டீஸ் வந்தது.
வெள்ளை மாருதிக்கு ஆயுள் முடிந்துவிட்டது,
உடைக்க ஒப்படைக்கவும்.

அப்படி ஒரு வண்டி என்னிடம் இல்லை என்று
பதில் எழுதி,
ரிஜிஸ்டர் தபாலில் போட
அதிலேதான் போனேன்.