துண்டு

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.
பேர் வீரமலை. தகப்பன் கருத்தான்.
கல்லுப்பாலத் தோட்டம், நாலாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா.
தொழில் கவ்வாத்து.
இடையில் மூன்று வருஷம் பட்டாளம்.
துவக்குப் பிடிக்கவில்லை.
தியத்தலாவை ஆஸ்பத்திரியில் காக்கி போட்டுக்கொண்டு
மலச்சட்டி தூக்கினேன்.

யாரும் பிடித்துப் போகவில்லை, நானாய்ப் போனேன்.
கொழும்பில் குண்டு விழுந்த சித்திரை அது.
பெரட்டில் ஆள் கேட்டார்கள்,
சப்பாத்து உண்டு என்றார்கள்.
சப்பாத்துக்காகத்தான் போனேன் என்று
இன்றைக்குச் சொன்னால் குற்றமில்லையே.

கப்டன் ஷொக்மன் என் கையைப் புரட்டிப் பார்த்தார்.
‘என்ன வேலை செய்த கை?’
தேயிலை வெட்டின கை.
‘நடுங்குமா?’
நடுங்கினால் செடி செத்துப்போகும் என்றேன்.
அன்றிரவே விளக்குப் பிடிக்க விட்டார்.

பர்மாவில் அடிபட்டவர்கள்
திருகோணமலையில் கப்பலிறங்கி
மலை ரயிலில் வந்தார்கள்,
சுரங்கத்துக்குச் சுரங்கம் கரிப்புகை குடித்து,
கட்டுத்துணி கறுத்து.
ஸ்ட்ரெச்சருக்கு முன்னால் ஹீன்பண்டா, பின்னால் நான்.
மேட்டில் ஏறும்போது
பாரமெல்லாம் பின்னால் வருகிறவனுக்கு.

கவ்வாத்துக்கு ஒரு சாய்வு உண்டு.
வெட்டுவாயில் தண்ணீர் தங்கக் கூடாது.
மூன்றாம் மாதம் தளிர் வரும்.
ரம்பம் வேறு.
அறுத்ததை வாளியில் வாங்கி
டர்பண்டைன் மரங்களுக்கு அப்பால்
பத்தனைப் புல்லில் குழி வெட்டினது நான்தான்.
செக்ரோலில் பேர் போடுகிற மாதிரி
மனசில் போட்டு வைத்தேன், பதினொன்று.
ஏழு கால், மூன்று கை,
ஒன்று இன்னதென்று சொல்ல வராது.

ஆபிரிக்கப் பையன் ஒருவன், முசியோகா.
அவன் பேச்சு எனக்கு மழைச்சத்தம், என் பேச்சு அவனுக்கும்.
இடது கால் போன நாலாம் ராத்திரி
கட்டிலைக் குத்திக் குத்திக் காட்டினான்.
தண்ணீர் கொடுத்தேன். இல்லை.
சட்டி வைத்தேன். இல்லை.
விரலை மடக்கிப் பிறாண்டிக் காட்டினான்,
போர்வை தட்டையாய்க் கிடந்த இடத்தில்.

அங்கே ஒன்றுமில்லையப்பா என்று சொல்ல
எனக்குப் பாஷை இல்லை.
பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து
கம்பளியைச் சொறிந்தேன்.
இன்னும் கொஞ்சம் கீழே என்றான் கண்ணால்.
கீழே சொறிந்தேன்.
தூங்கிப்போனான்.
மூன்று வருஷத்தில் நானாய்ச் செய்த வைத்தியம்
அது ஒன்றுதான்.

யுத்தம் முடிந்து ஒரு கடதாசி தந்தார்கள்,
ராஜா முத்திரை வைத்தது.
கணக்கப்பிள்ளை கேட்டார், ‘துண்டு எங்கே?’
நீட்டினேன்.
‘இது பட்டாளத்துத் துண்டு.
தோட்டத்துத் துண்டு எங்கே?’
செக்ரோலில் என் பேர் மேல் சிவப்புக் கோடு.
ஹீன்பண்டாவுக்கு ஊரில் வயல் இருந்தது.

இப்போது நீங்கள் கேட்கிறீர்கள்,
தகப்பன் பிறந்தது எழுத்தில் உண்டா என்று.
கருத்தான் லயத்தில்தான் பிறந்தார்.
அன்றைக்கு அடைமழையாம்,
எழுதுகிறவர் மலையேறி வரவில்லை.
ராஜா முத்திரை செல்லாது என்கிறீர்கள். சரி.
தியத்தலாவையில் ஒரு குழி இருக்கிறது,
மண்வெட்டி கொடுத்தால் காட்டுவேன்…
வேண்டாம். வெளியே வரிசை நிற்கிறது.

போன தடவையும் இந்த இடத்தில்தான்
பெருவிரலை உருட்டினேன்.
பதுளைக்கு பஸ் காசு ஒரு நாள் பேருக்கு மேலே.

ராவில் அரிக்கிறது, ஐயா.
எங்கேயென்று கை தேடுகிறது.