முதல் அறைக்கு அரைச் சுற்று

ரிங்லெட் பசாருக்கு மேலே
தேயிலைக்குள் ஒதுங்கி நிற்கிறது அந்தப் பங்களா.
துரை போன பிறகு கிராணி,
கிராணிக்குப் பிறகு வௌவால்,
இப்போது கோசுத் தோட்டத்துத் தவுக்கே
அறை அறையாய் வாடகைக்கு விட்டிருக்கிறார்.
ஏழு அறை.
ஏழிலும் சன்னலடியில்
விலா எலும்பு தெரிய ஒரு ரேடியேட்டர்.
பின்கட்டில் கொதிகலன்.

மார்கழி மழையில் போன் வந்தது.
"வாணி, முன்னறை ஆள் சட்டையைக் கழற்றிப் போட்டுத் தூங்குறான்.
கடைசி அறை ஆள் தொப்பி போட்டுத் தூங்குறான்.
பெரிய பாய்லர் வாங்கணுமா?"
வேண்டாம் என்றேன்.
எல்லாரும் முதலில் கேட்பது
பெரிசாக ஒன்று வாங்கத்தான்.

ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.
குழாயில் காற்று என்றார் காவலுக்கு இருக்கும் வீரபுத்திரன்.
கடைசி அறையில்தான் துரை செத்தார், அதுதான் என்றாள்
நாலாம் அறைத் தாதி, சிரிக்காமல்.
நேபாளிக்குக் குளிர் பழக்கந்தானே என்றான்
தவுக்கேயின் மகன், ஜாக்கெட்டுக்குள் இருந்து.

காற்றைத்தான் முதலில் பார்த்தேன்.
சாவியைத் திருகியதும்
இரும்பு ஒரு பெருமூச்சு விட்டு
என் சட்டையில் துருத் தண்ணீர் துப்பியது.
அப்புறமும் ஆறு, ஏழு
சில்லென்றே கிடந்தன.

தண்ணீருக்குச் சோம்பல் அதிகம்.
கொதிகலனை விட்டுக் கிளம்பியதும்
கிட்டத்து வாசல் திறந்திருந்தால்
அங்கேயே சூட்டைக் கொட்டிவிட்டு
வீடு திரும்பிவிடும்.
கோடி அறைவரை நடக்க
அதற்கென்ன தலையெழுத்து?

ஆகவே
ஏழாம் அறை வால்வை முழுசாய்த் திறந்தேன்.
ஆறாவதுக்கு மூன்று சுற்று.
நாலாவதுக்கு இரண்டு,
யோசித்து, இரண்டேகால்.
முதல் அறையை இறுக மூடிவிட்டு
அரைச் சுற்று மட்டும் விட்டேன்.

ஒவ்வொரு திருகலுக்கும் அரை மணி காத்திருக்கணும்.
இரும்புக்கு அவசரம் தெரியாது.
உள்ளே போகும் குழாயில் ஒரு கை,
வெளியே வரும் குழாயில் ஒரு கை.
இரண்டு கைக்கும் உள்ள வித்தியாசம்
ஏழு அறையிலும் ஒன்றாக வரும்வரை
முட்டி தேய நடந்தேன்.
கோப்பி இரண்டு முறை ஆறியது.
ஒன்றைத் தொட்டால் மற்ற ஆறும் மாறும்.
இதை மட்டும் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

முதல் அறைக்காரர், லோரிக் கணக்கு பார்க்கும் ஞானப்பிரகாசம்,
வாசலை மறித்து நின்றார்.
"ஆறு மாச வாடகை முன்னாடியே கட்டினவன் நான்.
என் சூட்டைத் திருடிட்டியே புள்ள."
மானியைக் காட்டினேன். இருபத்திரண்டு டிகிரி.
அவர் பார்க்கவில்லை.
நான் சன்னலைப் பார்த்தேன்.
அகலத் திறந்திருந்தது.
மூடிக்கொள்ளாதபடி ஒரு செங்கல் முட்டுக்கொடுத்திருந்தது.
செங்கல்லில் பாசி.
எத்தனை வருசமாய்
மலைக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தாரோ.

செங்கல்லை எடுத்தேன். சன்னலைச் சாத்தினேன்.
வால்வின் குமிழைக் கழற்றிப் பையில் போட்டேன்.
இனி ஸ்பானர் இல்லாமல் அது அசையாது.
இதற்குக் கூலி கேட்கவில்லை.

இருட்டும் நேரம்
கோசு கழுவிய கையோடு வந்தான் ஏழாம் அறை தில்பகதூர்.
ரேடியேட்டரைத் தொட்டான்.
கையை எடுக்கவில்லை.
என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
ஈரக் காலுறையைக் கழற்றி அதன்மேல் விரித்தான்,
பிறகு கட்டிலுக்கடியில் இருந்து
பை ஒன்றை இழுத்து
இன்னும் ஐந்து.
அவற்றில் எதுவும் எதற்கும் ஜோடியில்லை.

தவுக்கே இருநூறு வெள்ளி தந்தார்,
பாய்லர் விலையை நினைத்துச் சிரித்துக்கொண்டே.
மோட்டாரில் இறங்கும்போது
பனி கண்ணாடியில் ஒட்டியது.

ராத்திரி ஒன்றரைக்குப் போன்.
"குளிருது புள்ள."
"சன்னல் மூடியிருக்கா?"
கொஞ்ச நேரம் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது,
மிகத் தெளிவாக.
பிறகு ஞானப்பிரகாசம் கேட்டார்:
"அந்தச் செங்கல்ல எங்க வெச்ச?"