டிரைவர்

கல்லடியில், ஸ்டூடியோவுக்கு மேல்
ஒற்றை அறை. கலியாண அல்பம் செய்து கொடுக்கிறேன்.
கிராபிக்ஸ் காட் காத்தான்குடி இஹ்ஸானிடம் வாங்கியது,
பழசு, காத்தாடியில் ஓர் இதழ் உடைந்தது.
"ஓடும் தங்கச்சி. ஆனா டிரைவர் போடணும்" என்றான்.

வாடகை வாங்க வந்த போடியார்
படியில் நின்று கேட்டுவிட்டார்.
"டிரைவர் இல்லையாகா?
நம்மட மெசின்காரன் அறுப்பு முடிஞ்சு
சும்மாதான் நிக்கான். அனுப்பட்டா?"

விண்டோஸ் வேண்டாம் என்று விட்டிருந்தேன்.
திருட்டு சீடியோடு வந்த வைரஸ்
இரண்டு மாப்பிள்ளைகளைத் தின்றுவிட்டது.
ஆகையால் லினக்ஸ்.
தபாலில் வந்தது, காசில்லாமல்,
என் பெயரைப் பிழையாக எழுதிய உறையில்.

சிடிஎம்ஏ போனைக் கேபிளில் கட்டி
இரவு பத்துக்கு இறக்கப் போட்டேன்.
நாற்பது எம்பி.
முப்பத்தொன்பதில் கரண்ட் போனது.
அடுத்த நாள் பத்துக்கு, மறுகா.

கோப்பு வந்து சேர்ந்ததும் அது கேட்டது:
கேர்னலின் தலைப்புக் கோப்புகள் எங்கே?
அதைத் தேடிப் போனால், கம்பைலர் எங்கே?
கச்சேரியில் ஒரு கையெழுத்துக்கு அலைவதுபோல்
மேசைக்கு மேசை.
கடைசியில் கேட்டதற்கெல்லாம் ஓம், ஓம், ஓம் என்று கொடுத்து
மெசினை நிற்பாட்டி எழுப்பினேன்.

கறுப்பு.

அணைந்த கறுப்பு இல்லை.
பின்னால் வெளிச்சம் எரிகிற கறுப்பு.
கேப்ஸ் லொக்கை அமத்தினேன்: பச்சைப் பொட்டு வந்தது.
மறுகா அமத்தினேன்: போனது.
உயிர் இருக்கு. கேக்குது.
உள்ளே டிஸ்க் கறுமுறு என்று
ஏதோ ஒரு வேலையை
முழுக் கவனத்தோடு செய்துகொண்டேயிருந்தது,
முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

கொன்ட்ரோல், அல்ட், எஃப் ஒன்று.
வெள்ளை எழுத்து வந்து பெயர் கேட்டது.
கடவுச்சொல் கேட்டது. அடித்தேன்;
அடித்ததற்கு ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

தம்பி நவேந்திரன் மூலையில் பாயில் இருந்தான்.
இஹ்ஸான் அச்சடித்துத் தந்த தாளை நீட்டி
"வாசி" என்றேன்.
ஸ்லாஷ். ஈ, டி, சி. ஸ்லாஷ்.
எழுத்து எழுத்தாக வாசித்தான்,
ஆஜர் சொல்கிற குரலில்.
நான் கோடு ஒன்றை அடித்தேன்.
"கீழ இல்லக்கா. நடுவுல."
தடுப்பிலிருந்து வந்த ஏழு மாதத்தில்
அவன் என்னைத் திருத்தியது அதுதான் முதல் தடவை.

சிக்கல் இதுதான்: பழைய டிரைவர்
ஆசனத்தை விட்டு இறங்கவில்லை.
அதன் பெயரைக் கறுப்புப் பட்டியலில் எழுதவேண்டும்.
அந்தச் சொல்லில் நவேந்திரன் நின்றான்.
தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்.
காத்தாடி உடைந்த இதழோடு டக் டக் என்றது.
"அடிக்கா" என்றான் பிறகு.

நிறம் வந்தது.
மூலைகள் வந்தன, எழுத்துக்கு விளிம்பு வந்தது.
எஃபெக்ட்ஸ் பட்டியலைத் திறந்து
கண்ணுக்குப் பட்டதெல்லாம் டிக் போட்டேன்.
திரை ஒரு பெட்டியாகித் திரும்பியது, நாலு பக்கம்.
சாளரங்களுக்கு நிழல் விழுந்தது.
வாடகை மிச்சத்துக்கு வந்த போடியார் எட்டிப் பார்த்து
"இதால என்ன லாபம் புள்ள?" என்றார்.
ஒண்டுமில்லை என்றேன்.
திருப்தியாக இறங்கிப் போனார்.

பிறகு அல்பத்தை மூடினேன்.
அது மேலிருந்து கீழாக எரிந்தது.
செம்மஞ்சள் நாக்கு, கரி, பிறகு ஒன்றுமில்லை.
அப்படியும் ஒரு எஃபெக்ட் வைத்திருக்கிறார்கள்.

நவேந்திரன் எழும்பி வந்தான்.
என் கையிலிருந்த மவுஸை வாங்கி
பட்டியலில் தேடி, தீயின் டிக்கை எடுத்தான்.
அதற்குக் கீழே நீர்: தொட்ட இடமெல்லாம் வளையம்.
"இதையும் எடுக்கட்டா?"
கல்லடியடா இது. எடு.

ஆடுகிற சாளரத்தை மட்டும் விட்டான்.
விளிம்பில் பிடித்து இழுத்தான்:
வந்தாறுமூலை மாப்பிள்ளை, கோட், பூமாலை, மீசையோடு
ஜெலிபோல நெளிந்து, தடுமாறி,
திரும்ப நிமிர்ந்து நின்றார்.
மறுகா இழுத்தான்.

மணி ரெண்டு. விடிந்தால் அச்சுக்குப் போகவேண்டும்,
இருபத்திரண்டு பக்கம் மிச்சம்.
"இஞ்ச தா, நானும் ஒருக்கா" என்றேன்.
தரவில்லை.