நாற்பத்தொன்று

ஏறினவர் நாற்பத்தொன்று.
இறங்கினவர் நாற்பது.
ஞாயிற்றுக்கிழமை, மணி ஐந்தரை.
ராயக்கோட்டை மலைக்குக் கீழே
ரயில் ஒன்று கூவிவிட்டுத் தருமபுரிப் பக்கம் போகிறது.
பதிவேட்டை மறுபடி எண்ணுகிறேன்.

யார் கட்டியது என்று எல்லோரும் கேட்பார்கள்.
நீலப் பலகையைக் காட்டுவேன்.
சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்று இருக்கிறது,
கட்டினவர் பேர் இல்லை.
பாளையக்காரர், மைசூர்க்காரர், கும்பெனிக்காரர்,
வந்தவரெல்லாம் ஆளுக்கொரு வரிசை வைத்தார்கள் போல:
அடியில் ஒன்றையொன்று கவ்விய பாறை,
மேலே சுண்ணாம்பும் செங்கல்லும், அதற்கும் மேலே
போன வருஷ டெண்டரில் வந்த சிமெண்ட்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏறுகிறேன்.

முதல் வாசல் நேராக இல்லை.
யானை ஓடிவந்து முட்ட இடம் தரக்கூடாதென்று
வளைத்து வைத்திருக்கிறான் மகராசன்.
அந்த வளைவில்தான் இப்போது
கல்யாண ஜோடிகளை நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள்.
இரண்டாம் வாசலில் கதவு போய்விட்டது.
கதவு சுழன்ற குழியில் மழைத்தண்ணீர், ஒரு ஜூஸ் டப்பா.

சுனைக்கரையில் யாரும் இல்லை.
அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே அந்த நீள அறை.
தானியக் கிடங்கு என்பார் ஒரு அதிகாரி,
வெடிமருந்து வைத்தது என்பார் அடுத்து வருகிறவர்.
சுவர் கனம் என் கையால் மூன்று முழம்.
ஜன்னல் கிடையாது.

உள்ளே உட்கார்ந்திருந்தாள்.
வரிசை எண் இருபத்தாறு, முனிலட்சுமி, சூளகிரி.
'வருகையின் நோக்கம்' கட்டத்தில்
'சும்மா' என்று எழுதினவள்.
ஓசூர்க் கம்பெனி அட்டை கழுத்தில் அப்படியே.

நேரமாச்சும்மா என்றேன்.
"இங்க டவரே கிடைக்கலண்ணா" என்றாள்.
புகார் சொல்கிற குரல் இல்லை.
மடியில் ஃபோன் குப்புறக் கிடந்தது.
"ஒரு அஞ்சு நிமிஷம்."

வெளியே வந்து வாசலில் நின்றேன்.
காவல்காரனுக்கு வேறென்ன வேலை.
பீரங்கிக்குப் பயந்து எவனோ எழுப்பின சுவர்,
வௌவால் ஒன்று அதற்குள்ளிருந்து வந்து என்னைச் சுற்றிப் போனது.
இருபது நிமிஷம் இருக்கும்.

நாலு படி இறங்குவதற்குள் அது கத்தத் தொடங்கிற்று,
தவறிய அழைப்புகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினேழு.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை, எடுக்கவும் இல்லை.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
பாறை வழுக்காமல் கால் வைத்து இறங்கினாள்.
அடிவாரத்தில் மட்டும் கேட்டாள்:
"திங்கக்கெழமயும் தெறந்திருக்குமாண்ணா?"

வெளியேறிய நேரம்:
ஐந்தரை என்றே எழுதினேன்.