தேதி, நேரம், இடம்

நகராட்சியின் இரண்டாம் மாடியில்
சன்னலுக்கு முதுகு காட்டிய மேசை என்னுடையது.
ஊர் நடுவின் அழுக்கெல்லாம்
எழுத்தாக மாறி இங்கே வந்து சேரும்,
நாற்றம் மட்டும் இல்லாமல்.

நீரூற்றில் யாரோ சோப்புத்தூளைக் கொட்டி
நுரை நகைக்கடை வாசல்வரை வந்துவிட்டதாம்.
தேவாலயப் படிக்கட்டில் வாந்தியாம்,
அதில் புறாக்களாம்.
ஒருத்தி மருந்துக்கடையிலிருந்து வங்கிவரை
தரையில் ஒட்டிய சூயிங்கம் கறைகளை எண்ணியிருக்கிறாள்.
ஆயிரத்து நூற்றுப் பதினாறு.
எதற்கம்மா என்று கேட்க
படிவத்தில் கட்டம் கிடையாது.

"முன்பெல்லாம் இந்தச் சதுக்கத்தில்
தரையில் கொட்டிச் சாப்பிடலாம்" என்று
வாரத்துக்கு நாலு பேராவது சொல்கிறார்கள்.
அப்படிச் சாப்பிட்ட ஒருவரையும்
இதுவரை நான் சந்திக்கவில்லை.

"எல்லாம் வந்தவர்களால்தான்" என்று
குரலைத் தாழ்த்துகிறவர்களும் உண்டு.
சதுக்கத்தைப் பெருக்கும் நெவ்ஸாத்திடம்
ஒருநாள் இதைச் சொல்லிவிட்டேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
நான் பிறந்த அதே ஆஸ்பத்திரியில் பிறந்தவன்.
"ஆமாம், வந்தவன்தான்" என்றான்,
"நாலு இருபது டிராமில்."

காலி பாட்டில்களைத் தொட்டிக்குள் போடாமல்
பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போகிறார்களாம்.
அதற்கென்று தனியாக ஒரு கட்டு மனுக்கள்.
கண்ணாடி என்றால் எட்டு சென்ட்,
பிளாஸ்டிக் என்றால் இருபத்தைந்து.
இருட்டில் டார்ச்சோடு வருகிறவர்
தோள்வரை கையை விட்டுத் துழாவ வேண்டாமே என்று
யாரோ நிறுத்தி வைப்பவை.
அந்தக் கட்டைத் திறக்க
எனக்கு எப்போதும் வேறு வேலை வந்துவிடும்.

ஓட்டோகார் லிண்ட்ஹோர்ஸ்ட்டைப் பற்றித்தான்
சொல்ல வந்தேன்.
தட்டச்சில் அடித்து, தபால்தலை ஒட்டி
வாரம் தவறாமல் எழுதுகிறவர்.
பிப்ரவரியில் ஒரு கடிதம்:

செவ்வாய், 7.42, மணிக்கூண்டடி. முட்டைக்கோஸ் இலை, ஒன்று.
9.15, சிகரெட் துண்டுகள், ஆறு. ஒன்று இன்னும் புகைகிறது.
10.30, அதே இலை.
13.05, இலையை ஒரு நாய் மோந்துவிட்டுப் போனது.
16.50, விளக்குகள் எரியத் தொடங்கின.

கடைசி வரி என்ன குற்றம் என்று புரியாமல்
'இதர' என்ற பிரிவில் போட்டேன்.
உறைபனியில் ஒரு மனிதர்
ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு
பிரிவே இல்லை.

மே மாதம் பெஞ்சைப் பற்றி எழுதினார்.
பியர் குடிப்பவர்கள் பத்து மணிக்கே
வந்து அமர்ந்துவிடுகிறார்கள்.
கீழே மூடிகள், பதினான்கு.
நடவடிக்கை தேவை.

எங்கள் அலுவலகம் இவ்வளவு வேகமாக
எதையும் செய்து நான் பார்த்ததில்லை.
வெள்ளிக்கிழமை பெஞ்ச் இல்லை.
நாலு போல்ட் குழிகள், மேலே பூசிய சிமெண்ட்.
குடிப்பவர்கள் பத்தடி தள்ளி
பேருந்து நிழற்குடைக்குப் போய்விட்டார்கள்,
மூடிகளோடு.
புகார் தீர்ந்தது என்கிற பச்சைப் பொத்தானை
நான்தான் அழுத்தினேன்.

அடுத்த வாரம் அவர் எழுதியது:
தேதி இல்லை. நேரம் இல்லை.
உட்கார இடமில்லாததால்
எதையும் பார்க்க இயலவில்லை.

அதன்பிறகு கடிதம் வரவில்லை.
"தங்கள் கவனத்துக்கு நன்றி" என்று தொடங்கி
மூன்று முறை அழித்தேன்.
பெஞ்சைத் திரும்பப் போட வழி கேட்டேன்.
எடுக்க ஒரு கையெழுத்து போதுமாம்.
போட ஏழு.

இன்று மதியம் நானே இறங்கிப் போனேன்.
பூசிய சிமெண்ட் மற்ற கற்களைவிட வெளுத்து,
சதுக்கத்திலேயே சுத்தமான இடமாக இருந்தது.
அதன்மேல் நின்று ரொட்டியைக் கடித்தேன்.

வியாழன், 12.50, மணிக்கூண்டடி.
எள், நாலைந்து.
சிட்டுக்குருவி ஒன்று வந்து
உடனே நடவடிக்கை எடுத்தது.