பழுது

பிப்ரவரி மூடுபனியில், ரோவாத்தோ தாண்டி,
ஏழு வண்டிகளை இழுத்து முடிக்க விடிந்துவிட்டது.
எட்டாவது ஒரு தயிர் லாரி.
அதன் ஓட்டுநர் தடுப்புக் கம்பியில் உட்கார்ந்து
காவலரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்:
"விளக்கைப் பார்த்தேன். பார்க்காமல் இல்லை.
சும்மா வேகம் குறைக்கிறான் என்று நினைத்தேன்."

அதில் பொய்யில்லை.
பெருவிரல் நுனியால் பிரேக்கைத் தொட்டாலும் அதே சிவப்பு,
உயிர் பதற மிதித்தாலும் அதே சிவப்பு.
குறில் நெடில் தெரியாத ஒற்றை எழுத்து.

ஓர்னெல்லா இருபது வருடமாய்க் கொக்கி மாட்டுகிறவள்.
பெருக்கும்போது ஒட்டிக்கொண்ட சிவப்புச் சில்லுகள்
அவள் மேலங்கிப் பையில் எப்போதும் கொஞ்சம் இருக்கும்.

அந்த ஞாயிறு கொட்டகையில் ஈயம் உருக்கினாள்.
மெல்ல நின்றால் விளக்கு வெறுமனே எரியும்;
சட்டென நின்றால் படபடக்கும்,
தூசி விழுந்த கண்ணின் இமைபோல.

சோதனைக் கூடத்தில் துரீனி உதட்டைப் பிதுக்கினார்.
"புது வண்டிகளில் கம்பெனியே வைக்கிறான்.
கைவேலைக்குச் சீட்டு கிடையாது. கழற்றுங்கள்."
தலையாட்டினாள்.
கழற்றவில்லை.

மார்ச்சில் மறுபடி பனி.
பாதையில் கழன்று கிடந்தது யாருடையதோ ஒரு டயர்.
மிதித்தாள்.
பக்கக் கண்ணாடியில் இரண்டு வெளிச்சங்கள்
பெருத்தன, பெருத்தன,

நின்றன.

ஒருவன் இறங்கி வந்தான், செருப்பில்லாமல், கோபமாக.
"உங்கள் பின்விளக்கு பழுதம்மா.
விட்டு விட்டு எரிகிறது. பயந்தே போனேன்."

அவன் பம்பரையும் தன் கொக்கியையும் பார்த்தாள்.
நடுவில் ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம்.

"சரி," என்றாள். "பார்க்கிறேன்."